பாஷ்ஆர்சியில் ஒரு வரி சேர்க்கும் முன்: எஸ்எஸ்எச் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருநாள் ஒரு சர்வருக்கு எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் இணைப்பின் மேல் கோப்பு அனுப்பும் முறை) வழியாகக் கோப்பு அனுப்பப் போனேன். ‘வந்த செய்தி மிக நீளமாக இருக்கிறது: 1466264675’ என்ற பொருளில் ஒரு பிழை வந்து நின்றது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் வழக்கமான எஸ்எஸ்எச் லாகினில் எந்தக் கோளாறும் இல்லை. ஃபயர்வால், டிஸ்க் இடம், நெட்வொர்க் என்று பாதி நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், முந்தைய நாள் பாஷ்ஆர்சி கோப்பில் (நம் கட்டளைகளை ஓட்டும் பாஷ் என்ற ஷெல் நிரல், தொடங்கும்போது படிக்கும் கோப்பு) நான் சேர்த்த, திரையில் எழுதும் ஒரே ஓர் எக்கோ வரிதான் காரணம். ‘வெல்கம்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரவேற்பு வரி அது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. எஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு செய்தியும் தன் நீளத்தைச் சொல்லும் 4 பைட்டுகளோடு தொடங்கும். 1466264675 என்ற எண்ணை 4 பைட்டுகளாகப் பிரித்தால் 87, 101, 108, 99. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் இவை ‘வெல்கம்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள். என் வரவேற்பு வாசகத்தைத்தான் அந்த நிரல் நீளமாக எண்ணிக்கொண்டது. உங்களுக்கு வேறு எண் வந்தால், அதையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். எந்த வரி குற்றவாளி என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

பாஷ்ஆர்சியை நாம் நம் கண் முன்னால் திறக்கும் டெர்மினலுக்கான கோப்பு என்று நினைக்கிறோம். ஆனால் ஆளே இல்லாத இடத்திலும் அது படிக்கப்படுகிறது. தொடக்கக் கோப்புகளில் வரும் தவறுகளில் பல, ‘இந்தக் கோப்பை யார், எப்போது படிக்கிறார்கள்’ என்று கேட்காமல் எழுதுவதால் வருபவை.

யார் எதைப் படிக்கிறார்கள்

(இந்தக் கோப்புகளில் ஹோம் கோப்புறையில் இருப்பவை எல்லாம் புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்டவை. ஒவ்வொரு முறையும் புள்ளியை எழுதாமல் விடுகிறேன்.)

எஸ்எஸ்எச் மூலம் நுழைந்து, கட்டளை எதுவும் தராமல் ப்ராம்ப்ட் (கட்டளை கேட்டு நிற்கும் குறி) வரக் காத்திருந்தால் அது லாகின் ஷெல். பாஷ் முதலில் எட்சி கோப்புறையில் (கணினி முழுவதற்குமான அமைப்புகள் இருக்கும் இடம்) உள்ள புரொஃபைல் கோப்பைப் படிக்கும். பிறகு உங்கள் ஹோம் கோப்புறையில் பாஷ்_புரொஃபைல், பாஷ்_லாகின், புரொஃபைல் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் தேடி, முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும். இந்த ‘ஒன்றை மட்டும்’ முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

டெஸ்க்டாப்பில் டெர்மினல் ஜன்னல் ஒன்றைத் திறந்தால் பொதுவாக அது லாகின் ஷெல் அல்ல. அங்கே படிக்கப்படுவது பாஷ்ஆர்சி.

மூன்றாவது வகையைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். எஸ்எஸ்எச் கட்டளையோடு சேர்த்து இன்னொரு கட்டளையையும் கொடுக்கிறீர்கள், அல்லது ஆர்சிங்க், எஸ்சிபி, கிட் போன்ற கருவிகள் உங்களுக்காக அதைச் செய்கின்றன. அப்போது தொலைவில் ஓடுவது லாகின் ஷெல்லும் அல்ல, ஆளோடு பேசும் ஷெல்லும் அல்ல. விதிப்படி பார்த்தால் அது எந்தக் கோப்பையும் படிக்கக் கூடாது. ஆனால் தன்னை எஸ்எஸ்எச் சேவை இயக்குகிறது என்று கண்டுகொண்டால் பாஷ் விதிவிலக்காகப் பாஷ்ஆர்சியைப் படிக்கும். என் பாதி நாளை விழுங்கியது இந்த விதிவிலக்குதான்.

இதைத் தடுக்கத்தான் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் இரண்டிலும் பாஷ்ஆர்சியின் தலைப்பகுதியில் ஒரு காவல் வரி இருக்கிறது. ‘$-’ என்ற மாறியில் ஆளோடு பேசும் ஷெல்லைக் குறிக்கும் ‘ஐ’ எழுத்து இல்லையென்றால், ‘ரிட்டர்ன்’ செய்து அங்கேயே திரும்பிவிடும். இதைப் புரியாத வரி என்று அழித்துவிடாதீர்கள். எக்கோ, நிறம், வரவேற்பு, ஃபார்ச்யூன், நியோஃபெட்ச் என்று திரையில் எழுதும் எதுவானாலும் அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: எஸ்எஸ்எச் மூலம் ‘ட்ரூ’ கட்டளையை மட்டும் ஓடவிட்டு, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். கோப்பின் அளவு 0 பைட்டாக இருக்க வேண்டும். 1 பைட் இருந்தாலும் ஆர்சிங்க் ஒருநாள் ‘உங்கள் ஷெல் சுத்தமாக இருக்கிறதா’ என்று கேட்கும். உண்மையிலேயே அதன் பிழைச்செய்தியில் அந்தக் கேள்வி இருக்கிறது.

அந்தக் காவல் வரிக்கு மறுபக்கமும் உண்டு. என்விஎம் (நோட் பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி) போன்ற கருவிகளின் நிறுவி, தன் வரிகளைப் பாஷ்ஆர்சியின் கடைசியில் ஒட்டிவிட்டுப் போகும். நீங்கள் உள்ளே நுழைந்து ‘நோட்’ என்று அடித்தால் வேலை செய்யும். அதே கட்டளையை எஸ்எஸ்எச் வழியாக நேரடியாக அனுப்பினால் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று வரும், காரணம் காவல் வரியிலேயே பாஷ் திரும்பிவிட்டது. தானியங்கி டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இதில் முட்டாமல் இருந்ததே இல்லை. ஸ்கிரிப்ட்டில் நிரலின் முழுப் பாதையையும் எழுதிவிடுவதுதான் எனக்குப் பிடித்த தீர்வு. அது முடியாவிட்டால், எதையும் திரையில் எழுதாத, மாறிகளை மட்டும் அமைக்கும் வரிகளைக் காவல் வரிக்கு மேலே கொண்டுபோங்கள்.

ஒரு கோப்பு இன்னொன்றை மறைப்பது

உபுண்டுவில் புதிய பயனருக்குப் புரொஃபைல் கோப்பு இருக்கும், பாஷ்_புரொஃபைல் இருக்காது. இணையத்தில் ஏதோ ஒரு வழிகாட்டி ‘பாஷ்_புரொஃபைலில் இந்த வரியைச் சேர்க்கவும்’ என்று சொல்லும். நீங்களும் சேர்ப்பீர்கள். கோப்பு இல்லாததால் புதிதாக உருவாகும். அந்த நொடியிலிருந்து உங்கள் பழைய புரொஃபைலைப் பாஷ் திரும்பிக்கூடப் பார்க்காது. அது பாஷ்ஆர்சியை அழைத்துக்கொண்டிருந்தது, அந்த அழைப்பும் போச்சு. அடுத்த முறை நுழையும்போது நிறங்கள் இல்லை, ஏலியாஸ் (கட்டளைக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர்) இல்லை, ஹோமுக்குள் இருக்கும் ‘பின்’ கோப்புறை பாத்தில் (கட்டளைகளை ஷெல் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) இல்லை. பிழைச்செய்தியும் வராது. பாஷ்_புரொஃபைல் வேண்டுமென்றே தேவைப்பட்டால், அதன் முதல் வேலையாகப் புரொஃபைலை அழைக்கச் சொல்லுங்கள்.

அழைக்கும்போது வட்டமாக அழைக்காதீர்கள். பாஷ்_புரொஃபைல் பாஷ்ஆர்சியை அழைக்க, பாஷ்ஆர்சி திரும்பவும் பாஷ்_புரொஃபைலை அழைத்தால், லாகின் அந்த வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

புரொஃபைலைப் பற்றி இன்னொன்று. அதைப் பாஷ் மட்டும் படிப்பதில்லை. வரைகலை லாகினும் பல அமைப்புகளில் அதைப் படிக்கிறது, அதுவும் பாஷ் அல்லாத எளிய ஷெல் கொண்டு. டெபியன் குடும்பத்தில் அந்த எளிய ஷெல் டாஷ். உபுண்டு 2006இலேயே அதற்கு மாறிவிட்டது. இரட்டைச் சதுர அடைப்புக்குறி, அரே போன்று பாஷுக்கே உரிய இலக்கணத்தைப் புரொஃபைலில் எழுதினால், எஸ்எஸ்எச்சில் எல்லாம் சரியாக இருக்கும், டெஸ்க்டாப் லாகின் மட்டும் தடுமாறும்.

பாத் மாறி

பாத்தில் புதிய கோப்புறையைச் சேர்க்கும்போது பழைய பாத்தையும் சேர்த்து எழுத மறப்பது பழைய தவறுதான், ஆனாலும் இன்றும் நடக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்கூட ஓடாமல் போனால் பதற வேண்டாம். ‘/பின்/எல்எஸ்’ என்று முழுப் பாதையோடு எந்த நிரலையும் அழைக்கலாம், எடிட்டரையும் அப்படியே திறந்து திருத்தலாம்.

பாஷ்ஆர்சியில் பாத்தை நீட்டினால் வேறொரு தொல்லை. ஷெல்லுக்குள் ஷெல், அதற்குள் டிமக்ஸ் (ஒரே டெர்மினலில் பல ஷெல்களை நடத்தும் கருவி) என்று போகப் போக அதே கோப்புறை மூன்று நான்கு முறை சேர்ந்துவிடும். எக்ஸ்போர்ட் செய்த மாறிகள் தாய் ஷெல்லிலிருந்து பிள்ளை ஷெல்லுக்குத் தாமாகவே போகும். அதனால் அவற்றுக்கு இடம் புரொஃபைல். ஏலியாஸ், ஃபங்ஷன், ப்ராம்ப்ட் போன்றவை அப்படிப் போகாது, எனவே அவை பாஷ்ஆர்சிக்கு.

பாத்தில் ஒற்றைப் புள்ளியைச் சேர்க்காதீர்கள். தொடக்கத்திலோ முடிவிலோ வெறுமனே தொங்கும் முக்காற்புள்ளிக்கும் (கோப்புறைகளைப் பிரிக்கும் குறி) அதே அர்த்தம்தான்: ‘நான் இப்போது நிற்கும் கோப்புறை’. வேறொருவர் எழுத முடிகிற கோப்புறைக்குள் நீங்கள் போய் நின்று ஒரு கட்டளையைப் பிழையாக அடித்தால், அங்கே அதே பெயரில் வைக்கப்பட்டிருக்கும் அவருடைய நிரல் உங்கள் அதிகாரத்தோடு ஓடிவிடும்.

எட்சியில் இருக்கும் என்விரான்மென்ட் கோப்பைத் திறப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல. அதில் டாலர் குறியோடு பழைய பாத்தை எழுதினால் அது விரியாது, அந்த எழுத்துகளே அப்படியே பாத்தாகிவிடும். முழு மதிப்பையும் எழுத வேண்டும்.

கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலைகள் புரொஃபைல், பாஷ்ஆர்சி போன்ற தொடக்கக் கோப்புகள் எதையும் படிப்பதில்லை. சிஸ்டம்டி நடத்தும் பின்னணிச் சேவைகளும் அப்படியே. ‘கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை’ என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாத்தைத்தான். ரூட் அதிகாரத்தோடு (முழு அதிகாரம்) கட்டளை ஓட்டும் சூடோவும் பெரும்பாலான அமைப்புகளில் உங்கள் பாத்தை ஒதுக்கிவிட்டுத் தனக்கென்று வைத்திருக்கும் பாதுகாப்பான பட்டியலையே பயன்படுத்தும்.

நம்மையே வெளியே பூட்டிக்கொள்வது

இதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் பகுதி. மற்ற தவறுகள் நேரத்தைத் தின்னும். இவை சர்வரையே கைக்கு எட்டாமல் செய்துவிடும்.

தொடக்கக் கோப்பில் ‘ரிட்டர்ன்’ எழுத வேண்டிய இடத்தில் ‘எக்சிட்’ எழுதினால், கோப்பு மட்டும் முடியாது, லாகினே மூடிக்கொள்ளும். ஒரு கட்டளை தோற்றதும் ஷெல்லை நிறுத்தும் ‘செட் -ஈ’ இன்னும் மோசம். ஸ்கிரிப்ட்டுகளில் நல்ல பழக்கமாக அதை எழுதுகிறோம், அப்படியே கை பழகிப் பாஷ்ஆர்சியிலும் எழுதிவிடுகிறோம். அப்புறம் சொல் தேடும் ஒரு கிரெப் எதையும் கண்டுபிடிக்காமல் திரும்பினாலே போதும், ஷெல் செத்துவிடும். பாஷ்ஆர்சியில் காவல் இல்லாமல் ‘எக்செக்’ (ஷெல்லின் இடத்தில் வேறு நிரலை வைக்கும் கட்டளை) போட்டு வேறு ஷெல்லுக்குத் தாவினால், எஸ்எஃப்டிபி கேட்ட நிரலுக்குப் பதில் அந்த ஷெல்தான் ஓடும், கோப்பு நகல் எதுவும் நடக்காது. சிஎச்எஸ்எச் கொண்டு ஷெல்லை மாற்றிவிட்டு, பிறகு ஒருநாள் அந்த ஷெல்லின் தொகுப்பை நீக்கினால், எஸ்எஸ்எச் சேவை உங்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

அதனால் ஒரு பழக்கம்: தொடக்கக் கோப்பையோ எஸ்எஸ்எச் அமைப்பையோ தொடும்போது, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். இரண்டாவது ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். ஒரு கோப்பை நகல் எடுத்தும் பாருங்கள். இரண்டும் ஓடினால்தான் பழைய ஜன்னலை மூட வேண்டும்.

மாட்டிக்கொண்ட பிறகு வழி இருக்கிறதா? கோளாறு பாஷ்_புரொஃபைலில் இருந்தால் இருக்கிறது. எஸ்எஸ்எச்சோடு ஒரு கட்டளையைச் சேர்த்துக் கொடுக்கும்போது பாஷ் அந்தக் கோப்பைத் தொடுவதில்லை, எனவே அந்தக் கோப்பின் பெயரை மாற்றும் எம்வி கட்டளையை அப்படியே அனுப்பலாம். கோளாறு பாஷ்ஆர்சியில் காவல் வரிக்குக் கீழே இருந்தாலும் இதே வழி உதவும். காவல் வரிக்கு மேலே என்றால் இந்த வழியும் அடைபட்டுவிடும், சர்வரின் கன்சோலையோ ரூட் அதிகாரம் உள்ள இன்னொரு கணக்கையோதான் நாட வேண்டும்.

தூரத்திலிருந்து வரும் சிறு தொல்லைகள்

எஸ்எஸ்எச்சில் அனுப்பும் கட்டளையை இரட்டை மேற்கோளில் வைத்தால், அதிலுள்ள டாலர் மாறிகள் உங்கள் கணினியிலேயே விரிந்துவிடும். தொலைவில் விரிய வேண்டுமென்றால் ஒற்றை மேற்கோள். அழிக்கும் கட்டளைகளில் இதை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைந்ததும் லோக்கேல் எச்சரிக்கை வந்தால், உங்கள் கணினி தன் மொழி அமைப்பைக் கூடவே அனுப்புகிறது, சர்வரில் அந்த லோக்கேல் இல்லை என்று அர்த்தம். சர்வரில் அதை உருவாக்குங்கள், அல்லது அனுப்புவதை நிறுத்துங்கள். புதிய டெர்மினல்களில் ‘தெரியாத டெர்மினல் வகை’ என்று வந்தால், டெர்ம் மாறியைப் பாஷ்ஆர்சியில் ஒரே மதிப்பாக அடித்துவைக்காதீர்கள். அது டிமக்ஸையும் சேர்த்துக் குழப்பும். அந்த டெர்மினலின் திறன்களைச் சொல்லும் டெர்மின்ஃபோ பதிவைச் சர்வரில் நிறுவுவதே முறை.

சாவி வைத்தும் கடவுச்சொல் கேட்கிறதா? பாஷ்ஆர்சியைக் கிளறாமல் அனுமதிகளைப் பாருங்கள். எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, சாவிப் பட்டியலுக்கு 600 (இரண்டும் உங்களுக்கு மட்டும் அனுமதி தருபவை). ஹோம் கோப்புறையில் குழுவினர் எழுத முடிந்தாலே சேவை சாவியை ஏற்க மறுக்கும்.

எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்புகளில் ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் வருவதே செல்லும். ஷெல்லில் கடைசியாக எழுதியது வெல்லும், இங்கே நேர்மாறு. அதனால்தான் எல்லா ஹோஸ்டுக்கும் பொருந்தும் பகுதியை உங்கள் கோப்பின் உச்சியில் வைத்தால், கீழே தனி சர்வருக்கு எழுதியவை பலிப்பதில்லை. சர்வர் பக்கமும் இதே கதை. உபுண்டுவில் முதன்மைக் கோப்பின் தொடக்கத்திலேயே துணைக் கோப்புறையில் உள்ள கோப்புகள் சேர்க்கப்படுகின்றன. கடவுச்சொல் லாகினை முதன்மைக் கோப்பில் அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், துணைக் கோப்பு ஒன்றில் அது திறந்தே கிடக்கும். ரூட்டாக ‘எஸ்எஸ்எச்டி’ கட்டளையைச் சிறிய ‘-டி’ தேர்வோடு ஓட்டினால் எழுத்துப் பிழைகளைச் சொல்லும். பெரிய எழுத்து ‘-டி’ தேர்வோடு ஓட்டினால் உண்மையில் எந்த மதிப்பு நடைமுறையில் இருக்கிறது என்று முழுப் பட்டியலாகக் காட்டும். சேவையை மறுபடி தொடங்கும் முன் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.