லாரி ரிவர்ஸில் வரும்போது யார் எங்கே நிற்க வேண்டும்

முதலில் ஒரு சாக்பீஸ் எடுங்கள். நிறுத்தி அணைத்த லாரியில் ஓட்டுநரை உட்கார வைத்து, இன்னொருவர் வண்டியைச் சுற்றி மெதுவாக நடக்கட்டும். ஓட்டுநர் "தெரியல" என்று சொல்லும் இடமெல்லாம் தரையில் கோடு போடுங்கள். பின்பக்கம் மறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். முன் பம்பரை ஒட்டி நிற்கிறவரும், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கக் கதவோரம் நிற்கிறவரும் மறைந்துபோவது கோட்டைப் பார்த்த பிறகுதான் பலருக்கு உறைக்கும்.

வளாகத்தில் ஒரு வழியாக நுழைந்து மறு வழியாக வெளியேற முடிந்தால் ரிவர்ஸே வேண்டாம். முடியாவிட்டால் சைகை காட்ட ஒரே ஒரு ஆள். அவர் ஓட்டுநர் பக்கம், வண்டி வரும் பாதைக்கு வெளியே, கண்ணாடியில் முழு உருவமும் தெரியும்படி நிற்க வேண்டும். சுவருக்கும் லாரிக்கும் நடுவில் ஒருபோதும் கூடாது. 'நிறுத்து' என்பதற்கு எந்தச் சைகை என்று வண்டி நகரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பாடியைத் தட்டுவதை நம்பாதீர்கள். 'வா' என்றும் எடுத்துக்கொள்ளலாம், 'நில்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் ஆள் மறைந்த அந்த நொடியே பிரேக். உருண்டுகொண்டே தேடக் கூடாது. ரிவர்ஸ் பீப்பும் போதாது: இரண்டு வண்டி சேர்ந்து கத்தினால் எது நகர்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நின்ற வண்டியிலும் ஆபத்து உண்டு. சரக்கைத் தூக்கி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி, முன்வண்டி இழுத்துவரும் டிரெய்லருக்குள் போய் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் டிரெய்லர் கொஞ்சம் முன்னே தள்ளப்படும். சரக்கு இறக்கும் மேடைக்கும் டிரெய்லருக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், ஃபோர்க்லிஃப்ட் அதில் கவிழும். அதனால் ஹேண்ட் பிரேக் போட்ட பிறகும் பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள், டயரை ஒட்டி, இறுக்கமாக. செங்கல் நொறுங்கும், கல் வழுக்கும். சாவி சரக்கு இறக்குகிறவர் கையில் இருக்கட்டும். உள்ளே சத்தம் ஓய்ந்ததும் வேலை முடிந்ததென்று ஓட்டுநர் கிளம்பிவிடக்கூடும்.

டிரெய்லரை இணைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். முன்வண்டியிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் குழாயை மாட்டியதும் டிரெய்லரைப் பிடித்திருந்த பிரேக் விடுபடலாம். முன்வண்டியின் ஹேண்ட் பிரேக், டிரெய்லரின் பார்க்கிங் பிரேக் இரண்டையும் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். மீறி உருண்டால் கேபினுக்குள் தாவி ஏறப் பார்க்காதீர்கள். கத்தி ஆட்களை விலக்குங்கள், வண்டி போகட்டும்.