பிரஷர் மாத்திரை: மெடிக்கல் கடையில் தினமும் பார்க்கும் தவறுகள்

வறுத்தது பொரித்ததைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். நான் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன், எனக்கும் பிரஷர் உண்டு. புதிதாகச் சீட்டு வாங்கி வருகிறவர்கள், ஆரம்பத்தில் நான் பண்ணிய கோளாறுகளையே வரிசை மாறாமல் பண்ணுகிறார்கள். அதனால்தான் இது.

"நார்மல் ஆயிடுச்சுண்ணே, விட்டுட்டேன்"

முதல் மாதம் மூன்று அட்டை வாங்குவார்கள். அடுத்த மாதம் ஒன்று. அப்புறம் ஆளையே காணோம். பிறகொரு நாள் சளி மாத்திரைக்கு வருவார்கள். பிரஷர் மாத்திரை என்னாச்சு என்று கேட்டால், "செக் பண்ணினேண்ணே, 126/80 தான்" என்பார்கள். எத்தனை தடவை கேட்டாலும் எரிச்சல் வருகிற பதில் இது. ஐயா, அந்த 126 மாத்திரை போட்டதால் வந்த 126!

இதில் ஒரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. பலருக்கும் எழுதித் தரும் ஆம்லோடிபின் ரத்தக் குழாயின் தசையைத் தளர்த்திப் பிரஷரைக் குறைக்கிறது. உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். நிறுத்திய மறுநாள் பார்த்தாலும் பிரஷர் பெரிதாக ஏறியிருக்காது. "பார்த்தீங்களா, மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கு" என்று நம்பிக்கை வந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் பழைய அளவுக்கு ஏறும்போது யாரும் அளந்து பார்ப்பதில்லை. தலை சுற்றாது, வலிக்காது. உள்ளே இதயத்தின் சுவர் தடிக்கும், சிறுநீரகம் அடிவாங்கும்.

பிரஷருக்கே தரும் அட்டெனலால், மெட்டோப்ரலால் வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது இன்னும் மோசம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு அதுவே நெஞ்சுவலியைக் கிளப்பிவிடும், மாரடைப்பும் வரலாம். கொழுப்புக்குத் தரும் அடோர்வாஸ்டாடினை விட்டால் கெட்ட கொழுப்பு சில வாரங்களிலேயே பழைய இடத்துக்குப் போய்விடும்.

எங்கள் தெருவில் ஒரு டெய்லர். ஆம்லோடிபின் போட்டுக் கணுக்கால் வீங்கிவிட்டது, செருப்பு வார் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. தானாக நிறுத்தினார், வீக்கம் வற்றியது, பரம சந்தோஷம். டாக்டரிடம் மூச்சு விடவில்லை. அப்புறம் அவர் மகன்தான் சீட்டோடு வந்தான்: ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின். அப்பாவுக்கு ஸ்டென்ட், அதாவது அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைத்திருக்கிறார்கள். மாத்திரையை விட்டதுதான் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன், அவருக்குச் சர்க்கரையும் இருந்தது, பீடியும் இருந்தது. ஆனால் கால் வீக்கம் இந்த மாத்திரையில் எல்லா டாக்டருக்கும் தெரிந்த விஷயம். அளவைக் குறைப்பார்கள், அல்லது டெல்மிசார்டான் மாதிரி வேறொன்றுக்கு மாற்றுவார்கள். போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எடை குறைந்து, உப்பும் குறைந்தால் சிலருக்கு மாத்திரையைக் குறைக்க முடியும். அதை டாக்டர் அளந்து பார்த்துச் செய்வார். காசுதான் பிரச்சினை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தனியாக ஒன்று: பல் பிடுங்கப் போகிறேன் என்று ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல் மாதிரி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம்.

வந்ததும் கையை நீட்டுவது

வெயிலில் நடந்து, டீ குடித்துவிட்டு வந்து கையை நீட்டினால் வருகிற பிரஷர் அளவை நம்ப முடியாது. டீக்கும் சிகரெட்டுக்கும் அரை மணி இடைவெளி வேண்டும். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சின் உயரத்தில் இருக்கட்டும், பட்டையைச் சட்டைக்கு மேலே சுற்றாதீர்கள். வீட்டில் பல நாள் அளந்தும் 135/85க்குக் கீழே வரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

"ஒல்லியாத்தானே இருக்கேன்"

கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே. நம்மூர் உடல்வாகே இதுதான். விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்கு மேல் போகக் கூடாது. பேன்ட் அளவு கணக்கில்லை, பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது.

அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன்பும், அம்மா அல்லது அக்கா தங்கைக்கு 65க்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இந்துப்புக்கு மாறுவது

அதுவும் உப்புதான். எந்த உப்பானாலும் நாளைக்கு 5 கிராமுக்குள்.

"ஒரு நாளைக்கு ஒரு சிகரெட்தான்"

இருபதை ஒன்றாகக் குறைத்தாலும் இதய ஆபத்தில் ஏறத்தாழ பாதி அப்படியே நிற்கிறது.

வாய்வு என்று சோடா குடிப்பது

நடு நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் என் கடைக்கு வராதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்து, இன்னொன்று எடுக்க வேண்டும், இருங்கள் என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். மாரடைப்பு முதல் ஈசிஜியில் தெரியாமல் போவது உண்டு.