கோதுமையில் மண்டூசிப் புல்: விதைப்பதற்கு முன்பே தொடங்குங்கள்

பஞ்சாப், ஹரியானா பக்கம் கோதுமை போடுகிறவர்களைப் பாடாய்ப் படுத்தும் புல் இது. பஞ்சாபில் குல்லி டண்டா, ஹரியானாவில் மண்டூசி என்பார்கள்; தாவரவியல் பெயர் ஃபலாரிஸ் மைனர். கதிர் வரும்வரை கோதுமை மாதிரியே நிற்பதால் கைக்களை எடுக்க வருகிறவர்களுக்கே அடையாளம் தெரியாது. இளம் செடியைப் பிடுங்கி அடித்தண்டைப் பாருங்கள், செவ்வூதாவாக இருக்கும், கிள்ளினால் சிவப்பாகச் சாறு கசியும். கோதுமையில் அது வராது.

நெல், கோதுமை, மறுபடி நெல் என்று ஓடும் வயல்களில்தான் இதன் ஆட்டம் அதிகம். அங்கே ஐசோப்ரோட்டுரான் என்ற ஒரே களைக்கொல்லி மருந்தை வருஷா வருஷம் அடித்ததில், தப்பிப் பிழைத்த செடிகளின் விதை மட்டுமே பெருகி, 1990களின் தொடக்கத்தில் அந்த மருந்து பல ஊர்களில் வேலை செய்யாமலே போனது. பிறகு வந்த குளோடினாஃபாப், சல்ஃபோசல்ஃப்யூரானுக்கும் பல இடங்களில் அதே கதிதான். அதனால் தெளிப்பானைக் கடைசியாக எடுங்கள்.

முதலில் விதைப்பு நாள். அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரத்தில் மண்ணில் இன்னும் சூடு இருக்கும், மண்டூசிக்குக் குளிர்ந்த ஈர மண் வேண்டும். அப்போதே விதைத்துவிட்டால் கோதுமை முந்திக்கொண்டு வளர்ந்து நிழல் கட்டிவிடும். உழாமல் விதைப்பதும் நல்லது, ஏனென்றால் இந்தப் புல்லின் விதை மிகச் சிறியது, மேல் மண்ணில் கிடப்பதுதான் முளைக்கும், உழும்போது ஆழத்தில் கிடப்பதையும் நாமே மேலே கொண்டுவந்து விடுகிறோம். ஹேப்பி சீடர் என்ற விதைப்புக் கருவி கிடைத்தால் நெல் வைக்கோலை எரிக்காமல் அதன் நடுவிலேயே விதைக்கலாம், வைக்கோல் மூடிய இடத்தில் புல் முளைப்பது குறையும்.

உழுது விதைப்பவர்கள் முளைக்கும் முன் அடிக்கும் மருந்தை விடக் கூடாது. பெண்டிமெத்தலின் 30 ஈசி (30 சதவீதத் திரவ மருந்து) என்றால் ஏக்கருக்கு 1.5 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில், விதைத்த 2 நாளுக்குள். மண்ணில் ஈரம் வேண்டும், கட்டி இருக்கக் கூடாது. வைக்கோல் மூடிய வயலில் மருந்தில் ஒரு பங்கு வைக்கோலிலேயே தங்கிவிடும், அங்கே இதை நம்பி உட்கார வேண்டாம்.

அதையும் மீறி முளைத்ததை முதல் தண்ணீர் கட்டிய பிறகு, விதைத்த 30-35 நாளில், புல் இரண்டு மூன்று இலையில் இருக்கும்போதே பிடியுங்கள். தூர் கட்டிய பிறகு அடித்தால் காசுதான் வீண். இங்கே பலர் ஏமாறுவது ஒன்று: டப்பாவின் பெயரை மாற்றினால் மருந்தை மாற்றியதாக நினைக்கிறார்கள். குளோடினாஃபாப்பும் பினாக்ஸடென் என்ற இன்னொரு மருந்தும் செடிக்குள் அடிக்கிற இடம் ஒன்றே. சல்ஃபோசல்ஃப்யூரான் வேறு வகை, ஆனால் அதன் மிச்சம் மண்ணில் நிற்கும், அடுத்து மக்காச்சோளமோ சோளமோ போடுவதாக இருந்தால் தொடாதீர்கள். அளவு லேபிளில் உள்ளபடி, குறைக்கவே கூடாது, தட்டை விசிறி நாசில்தான் வைக்க வேண்டும், அப்புறம் மண்ணோடு பிசைந்து தூவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மருந்து எதற்குமே மசியாத வயலா? ஒரு குளிர்காலம் கோதுமையை விட்டு பெர்சீம் என்ற தீவனப் பயிர் போடுங்கள். விதை கட்டும் முன்பே பல முறை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுவதால் புல்லின் விதை மண்ணில் சேராது. கோதுமையே போட்டாலும் மார்ச்சில் கதிருக்கு மேலே தலை நீட்டும் மண்டூசியை விதை உதிரும் முன் பிடுங்கி வரப்புக்கு வெளியே கொண்டுபோங்கள்.