ஆர்ஓடிசி பிள்ளைக்கு மருத்துவக் காப்பீடு: நான் தடுக்கி விழுந்த இடங்கள்

காலை ஏழு மணிக்குக் கல்லூரியிலிருந்து பையன் போன் பண்ணினால் எந்த அம்மாவுக்கும் வயிறு கலங்கும். "ஒண்ணும் இல்லம்மா, பிடி-ல ஓடும்போது கால் மடங்கிடுச்சு. எமர்ஜென்சிக்கு வந்திருக்கேன்" என்றான். (பிடி என்பது அவன் ராணுவப் பயிற்சியில் வரும் காலை உடற்பயிற்சி.) "எக்ஸ்ரே எடுத்துடு, காசைப் பத்தி யோசிக்காதே, அதான் ஆர்மி பார்த்துக்குமே" என்றேன். அந்தக் கடைசி வார்த்தைக்காக அடுத்த ஏழு மாதம் போனும் கையுமாக இருந்தேன்.

நாங்கள் நியூஜெர்சி. பையன் பக்கத்து மாநிலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான், கூடவே ஆர்மி ஆர்ஓடிசி. ஒரு வரியில் சொன்னால், ஆர்ஓடிசி என்பது கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரியாவதற்கான பயிற்சி, அதில் சேர்ந்தவர் கேடட், படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் பணிபுரிவேன் என்று போடும் ஒப்பந்தம் காண்ட்ராக்ட். இதற்கு மேல் இங்கே விளக்கப் போவதில்லை. வீட்டில் ஒரு கேடட் இருந்தால் அதெல்லாம் உங்களுக்கே அத்துப்படியாகியிருக்கும். இன்ஷூரன்ஸ் விஷயம் மட்டும் யாருக்கும் பிடிபடுவதில்லை. எனக்கும் பிடிபடவில்லை.

முதலில், உங்கள் பிள்ளை எந்த வகை?

வெஸ்ட் பாயின்ட் மாதிரி ராணுவ அகாடமியில் படிக்கிறவர்கள் சேர்ந்த நாளிலிருந்தே ஆக்டிவ் டியூட்டி, அதாவது முழுநேர ராணுவப் பணியில் இருப்பவர்கள். அவர்களுக்கு முழு மருத்துவமும் ராணுவத்தின் பொறுப்பு. அவர்கள் இதைப் படிக்க வேண்டாம்.

ஆர்ஓடிசி கேடட் அப்படி இல்லை. ஸ்காலர்ஷிப் இருக்கலாம், மாதம் 420 டாலர் ஸ்டைபெண்ட் வரலாம், யூனிஃபார்ம் போட்டு நடக்கலாம். ஆனால் ராணுவத்தின் டிரைகேர் காப்பீடு அவர்களுக்குத் தானாக வராது. காய்ச்சல், பல் வலி, அப்பெண்டிக்ஸ் எல்லாம் உங்கள் பாடு. பயிற்சியில் பட்ட காயம் மட்டும்தான் அரசாங்கத்தின் பாடு. அதுவும் டிரைகேர் வழியாக இல்லை, தொழிலாளர் துறை வழியாக.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஆர்ஓடிசியில் இருந்துகொண்டே நேஷனல் கார்டு, ரிசர்வ் என்ற பகுதிநேரப் படைகளில் ஏதாவது ஒரு யூனிட்டில் சேர்ந்து, மாதம் ஒரு வார இறுதி டிரில்லுக்கு, அதாவது பயிற்சிக்கு, போகிறவர்கள். இதை எஸ்எம்பி என்பார்கள். இவர்கள் டிரைகேர் ரிசர்வ் செலக்ட் என்ற திட்டத்தைப் பணம் கட்டி வாங்கலாம்.

இங்கேதான் நான் முதல் தடவை தடுக்கி விழுந்தேன். பையன் மூன்றாம் வருடம் காண்ட்ராக்ட் போட்டபோது டிடி-4 படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆர்மி ரிசர்வ்' என்று அச்சடித்திருந்தது. அந்தச் சமயம் பார்த்து என் கணவருக்கு ஆபீஸில் லேஆஃப். வேலை போன பிறகும் அதே ஆபீஸ் காப்பீட்டை வைத்துக்கொள்ள விடும் கோப்ரா திட்டத்தில் தொடரலாம் என்றால் முழு பிரீமியமும் நாமே கட்டி, அதற்கு மேல் 2 சதவீதம் வேறு. 'பையன்தான் ரிசர்வ் ஆச்சே, ரிசர்வ் செலக்ட் வாங்கிவிடலாம்' என்று உட்கார்ந்தோம். இணையதளத்தில் அந்தத் திட்டம் தென்படவே இல்லை. பிரவுசரை மாற்றிப் பார்த்தோம், கம்ப்யூட்டரை மாற்றிப் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் போயிற்று.

காரணம் சின்னது. சாதாரண ஆர்ஓடிசி கேடட்டை ரிசர்வில் 'கண்ட்ரோல் குரூப் ஆர்ஓடிசி' என்ற பட்டியலில் வைத்திருப்பார்கள். அது பெயரளவுக்கு ரிசர்வ். டிரைகேர் விற்பது 'செலக்டட் ரிசர்வ்' ஆட்களுக்கு, அதாவது யூனிட்டில் சேர்ந்து டிரில் போகிறவர்களுக்கு. காண்ட்ராக்டில் ரிசர்வ் என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ மாசா மாசம் டிரில்லுக்குப் போறியா?" இல்லை என்றால் அந்தக் கதவு மூடியது, வேறு வழி பாருங்கள்.

படி 1: அன்றாட நோய்க்கு ஒரு காப்பீடு

26 வயது வரை பெற்றோர் இன்ஷூரன்ஸில் இருக்கலாம். அதுவே போதும், ஆனால் உங்கள் திட்டம் எச்எம்ஓவா, அதாவது தன் பட்டியலில் உள்ள டாக்டர்களிடம் மட்டும் போகச் சொல்லும் திட்டமா, என்று பாருங்கள். எச்எம்ஓ என்றால் வெளிமாநிலக் கல்லூரியில் எமர்ஜென்சி தவிர வேறெதற்கும் பெரும்பாலும் உதவாது.

கல்லூரிக் காப்பீட்டைப் பல கல்லூரிகள் கேட்காமலே ஃபீஸில் சேர்த்துவிடும். வேறு காப்பீடு இருந்தால் இது வேண்டாம் என்று வேவர் கொடுக்க வேண்டும், அதற்குக் கெடு செமஸ்டர் தொடங்கியதுமே முடிந்துவிடும். கேலண்டரில் குறித்து வையுங்கள். வேலை போய்க் காப்பீடும் போனால் மார்க்கெட்பிளேஸ் என்ற அரசுக் காப்பீட்டுச் சந்தையில் சேர 60 நாள் அவகாசம் உண்டு.

படி 2: எஸ்எம்பி கேடட் என்றால் ரிசர்வ் செலக்ட்

பையன் அடுத்த செமஸ்டரில் நேஷனல் கார்டு யூனிட்டில் சேர்ந்தான். (இன்ஷூரன்ஸுக்காக இல்லை என்று அவன் சொல்கிறான்.) 2025இல் தனி ஆளுக்கு மாதம் 53.80 டாலர். இந்த ஊரில் அந்த விலைக்கு வேறெந்தக் காப்பீடும் நான் பார்த்ததில்லை. தொகை வருடா வருடம் மாறும். வருடத்துக்கு ஒரு தடவை வரும் ஓப்பன் என்ரோல்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் சேரலாம்.

யூனிட்டில் சேர்ந்ததும் டீயர்ஸ் என்ற ராணுவப் பதிவேட்டில் அவன் நிலை மாற வேண்டும். மாறினால்தான் மில்கனெக்ட் என்ற ராணுவ இணையதளத்தில் திட்டம் தெரியும். எங்களுக்குச் சில வாரம் ஆயிற்று. தெரியவில்லை என்றால் டிரைகேருக்குப் போன் போடாதீர்கள், அவர்களால் பதிவேட்டைத் திருத்த முடியாது. யூனிட் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

தெரிந்ததும் சேருவது பத்து நிமிட வேலை. முதல் இரண்டு மாதப் பிரீமியத்தை அப்போதே கட்ட வேண்டும். அதன் பிறகு ஆட்டோபே. கையால் கட்டிக்கொள்கிறேன் என்று எந்த இருபது வயதுப் பிள்ளை சொன்னாலும் நம்பாதீர்கள்.

உள்ளே நுழைய அவன் ராணுவ அடையாள அட்டையை, அதாவது கேக் (CAC) கார்டை, பயன்படுத்தினோம். ஒரு யுஎஸ்பி கார்டு ரீடர் வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. விண்டோஸ் லேப்டாப்பில் செய்யுங்கள். மேக்கில் முடியும் என்பார்கள், முடியும்தான், அதற்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

பெற்றோர் காப்பீடும் ரிசர்வ் செலக்ட்டும் சேர்ந்து இருந்தால் டிரைகேர் எப்போதும் இரண்டாவதாகத்தான் பணம் கொடுக்கும். முதலில் மற்றது. மற்றொரு காப்பீடு இருப்பதை அவர்களிடம் சொல்லாமல் விட்டால் பில்கள் இரண்டு பக்கமும் பந்தாடப்படும். என் கருத்து: ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். பல்லுக்குத் தனித் திட்டம், தனிப் பணம்.

படி 3: பயிற்சியில் காயம் பட்டால்

இனி அந்த ஏழு மாதக் கதை. நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இது நடக்கிற அன்று படிக்க நேரம் இருக்காது.

ஆர்ஓடிசி பயிற்சியில் காயம் பட்டால் கேடட்டை அரசு ஊழியர் மாதிரி கணக்கில் எடுத்துக்கொள்ள ஒரு சட்டம் இருக்கிறது. ஃபீகா என்று சொல்வார்கள். தொழிலாளர் துறை பணம் கொடுக்கும். அதிகாரிகள் நடத்தும் காலை உடற்பயிற்சி, களப் பயிற்சி, ஃபோர்ட் நாக்ஸ் கோடை முகாம் எல்லாம் அதில் வரும். பிள்ளை தானாகச் சாயங்காலம் ஜிம்முக்குப் போய்த் தோள் பிடித்துக்கொண்டால் வராது.

மருத்துவமனையில் நுழைந்ததும் ஒரு அட்டையில் படிவம் செருகிக் கொடுப்பார்கள். அதில் ஒரு கேள்வி: 'இது வேலை சம்பந்தப்பட்ட காயமா?' என் பையன் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டான். கேட்டால், "நான் ஸ்டூடன்ட்தானேம்மா, எனக்கேது வேலை?" என்றான். நியாயமான பதில். ஆனால் அந்த ஒரு டிக்கால் பில் எங்கள் இன்ஷூரன்ஸுக்குப் போயிற்று. அவர்கள் ஆறு வாரம் கழித்து 'விபத்து எங்கே, எப்படி நடந்தது' என்று கடிதம் அனுப்பினார்கள். ராணுவப் பயிற்சி என்று உண்மையை எழுதினோம். 'அப்படியானால் அது வேறொருவர் பொறுப்பு' என்று பணத்தை நிறுத்திவிட்டார்கள். நாலு இலக்க பில் வீட்டுக்கு வந்தது.

அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று போடச் சொல்லுங்கள். இப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது இரண்டு படிவங்கள். சிஏ-1 என்பது காயம் பட்டது என்ற அறிவிப்பு. இதைக் கேடட் எழுத வேண்டும், 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சிஏ-16 என்பது சிகிச்சைக்கான அனுமதி. இதைப் பட்டாலியன், அதாவது கல்லூரியின் ஆர்ஓடிசி பிரிவு, கொடுக்க வேண்டும். முதல் பகுதியில் அதிகாரி கையெழுத்து, பின் பகுதியில் டாக்டரின் அறிக்கை. அது கையில் இருந்தால் மருத்துவமனை நேரே தொழிலாளர் துறைக்கு பில் போடும், 60 நாள் வரை செல்லும். காயம் பட்டு ஒரு வாரம் தாண்டிவிட்டால் சிஏ-16 தர மறுக்கலாம். எங்களுக்கு அதுதான் நடந்தது. பையன் மூன்றாம் வாரம்தான் போய்க் கேட்டான்.

ஏன் மூன்று வாரம்? கால் சரியில்லை என்று தெரிந்தால் கேம்ப்புக்கு அனுப்ப மாட்டார்களோ என்ற பயம். எல்லாக் கேடட்டுகளுக்கும் இந்தப் பயம் உண்டு, நொண்டிக்கொண்டே ஓடுவார்கள். சொல்லிப் புரிய வையுங்கள்: எழுதாமல் விட்ட காயம் பின்னால் பெரிதானால், அது பயிற்சியில் பட்டதுதான் என்று நிரூபிக்கக் காகிதமே இருக்காது.

சிஏ-1இல் 'எப்படி நடந்தது' என்ற இடத்தில் பையன் முதலில் எழுதியது: 'ஓடும்போது கால் பிசகியது.' இது போதாது. யார் ஓடினாலும் கால் பிசகும். இரண்டாவது தடவை, தேதி, மணி, இடம், 'அதிகாரி நடத்திய கட்டாய உடற்பயிற்சியின்போது, ஈரப் புல்லில், வலது கணுக்கால்' என்று எழுதினோம். இரண்டு சக கேடட்டுகள் சாட்சி. அது ஏற்கப்பட்டது.

ஒவ்வொரு ஆர்ஓடிசி பட்டாலியனிலும் எச்ஆர்ஏ என்று ஒருவர் இருப்பார். யூனிஃபார்ம் போடாத சிவில் ஊழியர். அதிகாரிகள் வருவார்கள் போவார்கள், படிவம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் இவர்தான். பிள்ளையை முதலில் அவரிடம் போகச் சொல்லுங்கள்.

மருத்துவமனை தொழிலாளர் துறையின் பில் முறையில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது இன்னொரு கண்ணி. எங்கள் எக்ஸ்ரே டாக்டர் குழு பதிவு செய்யவில்லை. நாங்கள் கையிலிருந்து கட்டி, ஓடபிள்யூசிபி-915 என்ற படிவத்தில் திருப்பிக் கேட்டு வாங்கினோம். ரசீது, பணம் கட்டிய சான்று, இரண்டும் வேண்டும்.

கருவிகள்

ஆப் எதுவும் வேண்டாம். ஒரு ஸ்பைரல் நோட்டு போதும். யாரிடம் பேசினேன், என்ன தேதி, ரெஃபரன்ஸ் நம்பர் என்ன. ஒரு தடவை எதிர்முனையில் இருந்தவர் "நீங்கள் கூப்பிட்டதாகப் பதிவே இல்லையே" என்றார். நான் மார்ச் 11, பகல் 2:40 என்று ஆரம்பித்ததும் பதிவு கிடைத்துவிட்டது.

காகிதங்களை போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், போனிலேயே ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். இன்னொன்று, பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் நம்மிடம் யாரும் பேச மாட்டார்கள். டிரைகேர் விஷயத்துக்கு டிடி-2870 என்ற ஒப்புதல் படிவம் இருக்கிறது, அவன் கையெழுத்துப் போட வேண்டும். அது வரும் வரை கான்ஃபரன்ஸ் கால்தான். அவன் பெயரும் பிறந்த தேதியும் சொல்லிவிட்டு "யூ கேன் டாக் டு மை மாம்" என்று சொல்லிவிட்டு கிளாஸுக்குப் போய்விடுவான்.

பின்சேர்க்கை 1

டெக்சாஸிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார், மகள் பிரீமியம் ஏன் நின்றுபோனது என்று. 2025 ஜனவரி 1 முதல் டெக்சாஸ், இல்லினாய், லூசியானா, ஆர்கன்சா, ஓக்லஹோமா, விஸ்கான்சின் ஆறும் டிரைகேரின் கிழக்கு மண்டலத்திலிருந்து மேற்கு மண்டலத்துக்கு மாறிவிட்டன. மேற்கில் அதை நடத்தும் நிறுவனமும் மாறி ட்ரைவெஸ்ட் வந்தது. பழைய ஆட்டோபே விவரத்தைப் புதிதாகக் கொடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் கிழக்கு என்பதால் எனக்கு இது தோன்றவே இல்லை.

பின்சேர்க்கை 2

அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் கணக்கு வேறு. பிள்ளைக்கு 21 வரை அவர் டிரைகேர், முழுநேர மாணவன் என்று பதிவேட்டில் காட்டினால் 23 வரை, அப்புறம் 26 வரை காசு கட்டும் யங் அடல்ட் திட்டம். ஆனால் பிள்ளை எஸ்எம்பியில் சேர்ந்து ரிசர்வ் செலக்ட்டுக்குத் தகுதி வந்துவிட்டால் யங் அடல்ட் கிடையாது.

பின்சேர்க்கை 3

மே மாதம் கமிஷன், அதாவது அதிகாரியாக நியமனம், பயிற்சிக்குக் கூப்பிடுவதோ நவம்பரில். நடுவில் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஆக்டிவ் டியூட்டிக்குப் போகிற புது லெப்டினன்ட்டுக்குப் பணி தொடங்கும் நாளிலிருந்துதான் முழு டிரைகேர். அதற்கு முன், ஆக்டிவ் டியூட்டி விண்ணப்பம் ஏற்கப்பட்டு, பணி இன்னும் தொடங்காமல், வேறு எந்தக் காப்பீடும் இல்லாமல் இருந்தால் ராணுவ மருத்துவம் பெறலாம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது: அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 1074ஆம் பிரிவு. தானாக நடக்காது, கேட்டு வாங்க வேண்டும். உங்கள் இன்ஷூரன்ஸில் பிள்ளை பெயர் இன்னும் இருந்தால் இது பொருந்தாது. அப்படி இருந்தால் நவம்பர் வரை அதையே விடாமல் வைத்துக்கொள்ளுங்கள், கமிஷன் வாங்கிய சந்தோஷத்தில் ஜூன் மாதமே பெயரை எடுத்துவிடாதீர்கள்.