விசாரிக்கப் போகிறவர்கள் விசாரிக்காமல் விடுவது: இல்லப் பிள்ளைகளிடம் ஊழியம் போகும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. எங்கள் சபை வாலிபர் குழு கேக் பெட்டிகளோடு ஒரு குழந்தைகள் இல்லத்துக்குள் நுழைந்தது. அன்றைக்கு நாங்கள் மூன்றாவது குழு. பிள்ளைகள் வரிசையாக நின்று ஆக்‌ஷன் பாட்டுப் பாடினார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல், சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் ஜெபித்து முடிக்கும்போது நான்காவது குழுவின் வேன் வாசலில் ஹாரன் அடித்தது. பிள்ளைகள் மறுபடியும் வரிசைக்குப் போனார்கள்.

இப்படிப்பட்ட பயணங்களைப் பல வருஷம் நடத்தியவன் நான். ஆகவே இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

இந்தப் பயணங்களுக்கு எல்லாரும் எடுத்துக்கொள்ளும் வசனம் யாக்கோபு 1:27. திக்கற்ற பிள்ளைகளை ‘விசாரிக்கிறது’ தான் சுத்தமான பக்தி என்கிறது தமிழ் வேதாகமம். அருமையான சொல். ஊரில் ஒருவரை விசாரிப்பது என்றால் அவர் வீட்டுக்குப் போவோம், என்ன ஏது என்று கேட்போம், சொன்னதை மனதில் வைத்துக்கொள்வோம். நம் குழுக்கள் போவதோடு நிறுத்திவிடுகின்றன.

முதல் தவறு ஃபோனிலேயே நடந்துவிடும். “பிரதர், எத்தனை பிள்ளைங்க? பிரியாணி எத்தனை சொல்லட்டும்?” என்று கேட்பவர்கள், இல்லம் பதிவு பெற்றதா என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் ஊழியக்காரரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, அரசு நடத்தினாலும் சபை நடத்தினாலும் குழந்தைகள் இல்லம் என்றால் பதிவு கட்டாயம். பிள்ளைகளை அங்கே தங்கவைப்பதை மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். ஒழுங்காக நடக்கிற இல்லத்தில் இதைக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உங்கள் அடையாள அட்டையை அவர்களே பதிலுக்குக் கேட்பார்கள். எதையும் கேட்காமல் “வாங்க வாங்க” என்று பிள்ளைகள் படுக்கும் அறை வரை உங்களை விடுகிற இடத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். உங்களை விட்டது போலத்தானே மற்றவர்களையும் விடுவார்கள்?

அடுத்தது ‘அநாதை’ என்ற சொல். காணிக்கை அறிக்கையிலும் வேன் பேனரிலும் இதைத் தாராளமாகப் போடுகிறோம். உலகம் முழுக்க இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக 2009இல் சேவ் த சில்ட்ரன் அமைப்பு சொன்னது. நம் பக்கத்து இல்லங்களிலும் கேட்டுப் பாருங்கள். அப்பா இறந்துபோய் அம்மா வீட்டு வேலைக்குப் போகிற பிள்ளை, குடியால் வீடு சிதறிய பிள்ளை, ஊரில் பள்ளிக்கூடம் தூரம் என்று கொண்டுவந்து விட்ட பிள்ளை என்று இருப்பார்கள். அம்மா மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிற பிள்ளையின் காதுபட “இந்த அநாதைப் பிள்ளைகளை ஆசீர்வதியும்” என்று ஜெபிக்கிறோம்.

இந்தச் சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்குக் கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டி சாட்சி. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு, அமெரிக்காவின் ஐடஹோ மாநில பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் பெரும்பாலும் அடங்கிய பத்துப் பேர் குழு ஒன்று அங்கே போனது. 33 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது பிடிபட்டார்கள். விசாரித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள். அங்கே படிப்பு கிடைக்கும், நல்லபடி வளரும் என்று நம்பி அவர்களேதான் பிள்ளைகளை ஒப்படைத்திருந்தார்கள். அந்தக் குழுவில் எல்லாருமே கெட்ட எண்ணத்தோடு போனவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கலக்கம் தருகிறது.

இனி, அணைப்பைப் பற்றி. உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிஷம் ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்ளும். “அன்புக்கு ஏங்குது பாருங்க” என்று கண் கலங்குவோம். உங்கள் சொந்தப் பிள்ளை முன்பின் தெரியாத ஆளிடம் இப்படி ஏறிக்கொண்டால் கலங்குவீர்களா, பயப்படுவீர்களா? யார் வந்தாலும் ஒட்டிக்கொள்வது, நிலையான ஓர் ஆளின் கையில் வளராத குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுவது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து நடந்த நீண்ட ஆய்வில், இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள் பல விதங்களில் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். பத்து நாள் விபிஎஸ் என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திவிட்டு, கடைசி நாள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுது, பஸ் ஏறிப் போகிற அண்ணன் அக்காமார் அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு முறை பிரிவைத்தான் கொடுக்கிறார்கள்.

இதில் என் பங்கு இது. ஒரு பையன் என் வாட்ச்சைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றினான். கிளம்பும்போது திருப்பித் தந்துவிட்டு, “அண்ணா, எப்போ வருவீங்க?” என்றான். “அடுத்த மாசம்” என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். போனது ஒன்றரை வருஷம் கழித்து. அவன் அங்கே இல்லை. “உங்களை ரெண்டு மூணு தடவை கேட்டான் தம்பி” என்றார் வார்டன் அக்கா. வர முடியுமா என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ் படித்தார், ஊர் திரும்பவே இல்லை, 1951இல் அங்கேயே இறந்தார். பிள்ளைகள் அவரை அம்மா என்று கூப்பிட்டதில் ஓர் அர்த்தம் இருந்தது. நாம் போவது இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கு ஏற்ற உறவோடு நிற்பது நல்லது.

புகைப்படத்தில் வளவள வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சபை வாட்ஸ்ஆப் குரூப் என்பதால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். பிள்ளையை மைக் முன் நிறுத்தி “உன் கதையைச் சொல்லும்மா” என்று சாட்சி வாங்குவது படத்தைவிட மோசம். ஆறிக்கொண்டிருக்கும் புண்ணை நன்கொடைக்காகக் கீறுகிறோம்.

சில சமயம் நாம் கேட்காமலே பிள்ளை ஏதாவது சொல்லிவிடும். அடிக்கிறார்கள் என்று, அதைவிட மோசமாகவும் சொல்லலாம். “ஜெபிச்சுக்கலாம்மா” என்று சொல்லி அமுக்கிவிட்டு வந்த குழுக்கள் உண்டு. பாலியல் குற்றம் என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். எந்தக் குழந்தைக்கு எந்த ஆபத்து என்றாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடலாம். அப்புறம், குழுவில் யாரும் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது, போதகரே ஆனாலும்.

தெருவில் வாழும் பிள்ளைகள் விஷயத்தில் நாம் இன்னும் அவசரக்காரர்கள். சென்னை பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் நீங்கள் பார்க்கும் பிள்ளைக்கு நாலடி தள்ளி அம்மாவும் பாட்டியும் இருக்கலாம், அதுதான் அவர்கள் வீடாகவும் இருக்கலாம். பெரியவர்களிடம் பேசாமல் பிள்ளைக்கு மட்டும் பொட்டலம் நீட்டுவது மரியாதை ஆகாது. சர்ச்சுக்கு வருகிறாயா என்று வேனில் ஏற்றிக்கொண்டு போவதற்கு என்ன பெயர் என்று ஹெய்ட்டி நீதிமன்றத்தில் கேட்டிருப்பார்கள். ரயில்வே ஸ்டேஷனில் உண்மையிலேயே தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் 1098க்கோ போலீசுக்கோ 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆள் வரும் வரை கூட நில்லுங்கள். வீட்டுக்கு மட்டும் அழைத்துப் போகாதீர்கள்.

ஒரு விஷயத்தைச் சொன்னால் சபையில் சிலருக்குக் கோபம் வரும். சாப்பாட்டுத் தட்டை வைப்பதற்கு முன் “யாரெல்லாம் இயேசுவை ஏத்துக்கிறீங்க, கை தூக்குங்க” என்று கேட்பது. பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை எதற்கும் கை தூக்கும். அதை எண்ணி, இத்தனை ஆத்துமாக்கள் என்று அறிக்கையில் எழுதுகிறோம். நான் விசுவாசிதான், அதனால்தான் கூசுகிறது. மறுக்க வழியில்லாத ஒருவரிடம் வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

சரி, என்னதான் செய்யலாம்? இல்லத்தில் இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது வார்டன் அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டு, “டிசம்பர்ல வராதீங்க தம்பி. ஜூன்ல வாங்க, ஸ்கூல் தொறக்கிறப்ப. எனக்குக் கை ஒடிஞ்சு போகுது” என்றார். போனோம், ஆறு பேர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து நோட்டுகளுக்கு பிரவுன் தாள் அட்டை போட்டோம், லேபிள் ஒட்டினோம், யூனிஃபார்மில் பட்டன் தைத்தோம். அக்காவும் முதலில் எங்களோடு உட்கார்ந்தார். பதினொரு மணிவாக்கில் சுவரில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். மூன்று மணிக்குப் பிள்ளைகள் திரும்புகிற சத்தம் கேட்கும் வரை யாரும் அவரை எழுப்பவில்லை.