பத்தொன்பதாவது பிறந்தநாள் வரை காத்திருக்காதீர்கள்

கனடாவில் பிள்ளைக்கு 18 வயது ஆனதும் தாயின் கணக்குக்கு வந்துகொண்டிருந்த சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்கான அரசு உதவிப்பணம்) நின்றுவிடும். அது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடுகிறது. 19 வயதில் பிள்ளையின் பெயரிலேயே ஜிஎஸ்டி கிரெடிட் (குறைந்த வருமானக்காரர்களுக்கு விற்பனை வரிக்கு ஈடாக அரசு தரும் பணம்) தொடங்கும் என்பதுதான் பல வீடுகளில் தெரிவதில்லை.

"அவன் இன்னும் வேலைக்கே போகவில்லை, அவனுக்கு என்ன டாக்ஸ்?" என்பார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது. வருமானம் பூச்சியம் என்றாலும் ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போடலாம். போடாவிட்டால் வரித்துறையான சிஆர்ஏ இந்தப் பணத்தைக் கணக்குப் பார்க்க வழியே இல்லை.

அடுத்த தவறு, 19 முடியட்டும் என்று காத்திருப்பது. ஜிஎஸ்டி கிரெடிட் ஆண்டு ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். ஜூலை, அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் என்று நான்கு தவணை. இவை நான்குக்கும் அடிப்படை, தொடங்கும் ஜூலைக்கு முந்தைய ஆண்டின் ரிட்டர்ன். 2007 நவம்பரில் பிறந்த பெண்ணுக்கு 2026 நவம்பரில் 19 ஆகும். முதல் தவணை 2027 ஜனவரியில். அதற்குத் தேவைப்படுவது 2025ஆம் ஆண்டின் ரிட்டர்ன், அதாவது அவளுக்கு 18 ஆன ஆண்டு. அதே 2007இல் பிப்ரவரியில் பிறந்த பையன் என்றால் 2026 ஏப்ரல் தவணைக்கே தகுதி வந்துவிடும். அதற்கு 2024 ரிட்டர்ன் வேண்டும். அந்த ஆண்டில் அவனுக்கு வயது 17தான்! மார்ச்சுக்குள் பிறந்த பிள்ளைகள் தவணையைத் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

வீட்டில் பெற்றோருடன் இருந்தால் கிடைக்காது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. திருமணமாகாத 19 வயதுக்காரருக்குப் பார்ப்பது அவரது வருமானத்தை மட்டும்தான், அப்பாவின் சம்பளத்தை அல்ல. 2025 ஜூலையில் தொடங்கிய ஆண்டில், வருமானமே இல்லாத தனிநபருக்கு 349 டாலர். மாணவருக்கு பஸ் காசுக்காவது உதவும். ஒன்ராறியோவில் இருந்தால் அந்த மாகாணம் தரும் ட்ரில்லியம் பெனிஃபிட் என்ற உதவிப்பணத்தின் விற்பனை வரிப் பகுதிக்கும் இதே ரிட்டர்ன்தான் வழி. அதுவும் 19இல்தான் தொடங்கும். வாடகை கொடுப்பவர்கள் அதற்குரிய படிவத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

பகுதிநேர வேலை செய்கிற பிள்ளை என்றால் 16, 17 வயதிலேயே போட்டுவிடுவது நல்லது. சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் திரும்ப வரும். பிடிக்காவிட்டாலும், உழைத்த வருமானத்தில் 18 வீதம், ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுவதற்கான இடமாகச் சேர்ந்துகொண்டே போகும். டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு அப்படியல்ல. அந்த இடம் 18 வயதிலிருந்து தானாகவே சேரும், ரிட்டர்ன் போடாவிட்டாலும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

கல்லூரிக் கட்டணத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. கட்டணத்துக்கான வரிச்சலுகைக்காகக் கல்லூரி தரும் டி2202 படிவத்தை அப்பாவிடம் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மாணவர் முதலில் தன் ரிட்டர்னில் அதைக் காட்ட வேண்டும். அந்த ஆண்டுக் கட்டணத்தில் 5,000 டாலர் வரை, அவர் பயன்படுத்தியது போக, பெற்றோருக்கு மாற்றலாம், மிச்சத்தைத் தன் பின்னாளைய வரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஏற்கெனவே இரண்டு மூன்று ஆண்டு விட்டுப்போயிற்று என்றால்? பழைய ரிட்டர்ன்களை இப்போதும் போடலாம், கூடுதலாகப் பிடித்த வரியைப் பத்து ஆண்டு வரை திரும்பக் கேட்கலாம். குறைந்த வருமானக்காரர்களுக்குத் தன்னார்வலர்கள் இலவசமாகவே செய்து தரும் முகாம்களும் உண்டு. போகும்போது சின் எனப்படும் சமூகக் காப்பீட்டு எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் மறக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.