உலக அழிவு எந்திரத்தை வரையும்போது வெப்காமிக் ஓவியர்கள் செய்யும் தவறுகள்

சூப்பர்ஹீரோ வெப்காமிக் (இணையத்தில் தொடராக வரும் படக்கதை) தொடங்குபவர்கள் வில்லனின் உலக அழிவு எந்திரத்தை முதன்முதலில் ஒரு முழுப்பக்கப் படமாகத்தான் வரைகிறார்கள். குழாய் குழாயாக, டயல் டயலாக, ஒவ்வொரு திருகாணிக்கும் நிழல் வைத்து இழைத்திருப்பார்கள். படம் அட்டகாசமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வாரமே அதைப் பின்பக்கத்திலிருந்து காட்ட வேண்டி வரும். அதற்கடுத்த வாரம் உள்ளே ஒருவர் ஓட வேண்டும். ஒரே படத்துக்காக யோசித்த ஒன்றை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வரைய முடியாது. கீழே சொல்லும் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதலாவது, எந்திரம் என்ன செய்யும் என்று முடிவு செய்யாமலே பென்சிலை எடுப்பது. உதாரணத்துக்கு, கடலின் வெப்பத்தை உறிஞ்சி உலகத்தையே உறைய வைக்கும் எந்திரம் என்று வைத்துக்கொள்வோம். உறிஞ்சிய வெப்பம் எங்கேயாவது வெளியேறியாக வேண்டும். ஃபிரிட்ஜின் பின்பக்கம் சுடுவது இதனால்தான். இந்த ஒரு கேள்வியே பாதி டிசைனைப் போட்டுக் கொடுத்துவிடும். அடியில் தண்ணீரை இழுக்கும் அகலமான வாய்கள், அவற்றின் விளிம்பில் உறைபனி, அருகே பனியில் சிக்கி நிற்கும் ஒரு மீன்பிடிப் படகு. உச்சியில் வெப்பத்தை வானத்தில் கொட்டும் தகடுகள் வரிசை வரிசையாக, சிவக்கக் காய்ந்தபடி. நிறமும் தானாகவே கிடைத்துவிட்டது: கீழே நீலம், மேலே சிவப்பு. ஹீரோ எங்கே அடிக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. மேலே உள்ள தகடுகளைப் பிய்த்தால் வெப்பம் போக வழியில்லாமல் எந்திரம் தன் சூட்டிலேயே உருகும். இதை வாசகர் படத்திலிருந்தே ஊகித்துவிடலாம். வெறும் குழாயும் மின்னலுமாக வரைந்திருந்தால், "இதுதான் மெயின் சுவிட்ச்" என்று சொல்வதற்கே ஒரு விஞ்ஞானியைக் கதைக்குள் இழுத்துவர வேண்டியிருக்கும்.

அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியின் எந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று யாருக்குத் தெரியும், அவை நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கிர்பியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது விவரங்களின் எண்ணிக்கையை அல்ல. தடித்த கறுப்புத் திட்டுகளையும் பெரிய பெரிய உருவங்களையும்தான். பக்கத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினாலும் அவருடைய எந்திரம் எந்திரமாகவே தெரியும். அதைப் பார்த்து நகல் எடுப்பவர்கள் கோடுகளை எடுத்துக்கொண்டு கறுப்பை விட்டுவிடுகிறார்கள்.

அளவு இன்னொரு சிக்கல். பெரிதாக வரைந்தால் பயம் வந்துவிடும் என்று நினைப்பது தவறு. 1966-இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸின் 48 முதல் 50 வரையிலான இதழ்களில், பூமியை விழுங்க வந்த கேலக்டஸ் நியூயார்க் கட்டடத்தின் உச்சியில் தன் எந்திரத்தைப் பொருத்துகிறார். கடைசியில் அவரைப் பின்வாங்க வைப்பது கையில் அடங்கும் ஒரு சின்னக் கருவி. அதைப் பார்த்ததும் அவர் நடந்துகொள்ளும் விதம்தான் அந்தக் கருவியின் பலத்தை நமக்குச் சொல்கிறது. பெரிதாகத்தான் வேண்டும் என்றால், அளவு தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வையுங்கள்: ஒரு ஏணி, ஒரு கைப்பிடிச்சுவர், ஒரு காவலாளி. அப்புறம் உயரத்தை மீட்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைக்காதவர்களின் எந்திரம் பத்தாவது எபிசோடில் கலங்கரை விளக்கம் அளவு இருக்கும், நாற்பதாவதில் மலை அளவு ஆகியிருக்கும். படைத்தவர் கவனிக்கமாட்டார். வாசகர் கட்டாயம் கவனிப்பார்.

முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து என்று மூன்று கோணங்களில் ஒரு மாதிரித் தாள் போட்டுக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த யோசனைதான். செய்கிறவர்கள்தான் குறைவு. மூன்று கோணத்தையும் முழுக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அப்போதும் அடையாளம் தெரிந்தால் டிசைன் தேறிவிட்டது. பிளெண்டர் மென்பொருள் இலவசம். அதில் பெட்டியும் உருளையுமாக ஒரு கச்சா 3டி மாதிரி செய்து வைத்தால் எந்தக் கோணத்துக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் அது தரும் கோடுகளை அப்படியே பக்கத்தில் ஒட்டாதீர்கள். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் உயிரில்லாமல் நிற்கும், பக்கத்தில் நிற்கும் மனிதர்கள் வேறொரு காமிக்ஸிலிருந்து வந்தவர்கள் போலத் தெரிவார்கள். மாதிரியைக் கீழே வைத்து, மேலே கையால் வரைவதே நல்லது.

திரை விஷயத்துக்கு வருவோம். வெப்டூன் தளத்தில் படத்தின் அகலம் 800 பிக்சல். அதைவிடப் பல மடங்கு பெரிய கேன்வாஸில் ஆசை ஆசையாகப் போட்ட மெல்லிய கோடுகள் போனில் வெறும் சாம்பல் கறையாகிவிடும். நிழலுக்காகப் போடும் புள்ளி புள்ளியான ஸ்கிரீன்டோன் இன்னும் மோசம். சுருக்கும்போது அலை அலையாகக் கண்ணை உறுத்தும். படத்தைச் சுருக்கிய பிறகு டோன் போடலாம், அல்லது தட்டையான சாம்பல் நிறத்தோடு விட்டுவிடலாம். அதற்காக 800 பிக்சலிலேயே வரைந்துவிடவும் கூடாது. என்றாவது புத்தகம் போட நினைத்தால், ஏ4 பக்கத்துக்கு 300 டிபிஐ-யில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். பெரிதாக வரைந்து, வாரத்துக்கு ஒருமுறையாவது போனில் பார்த்துச் சரிசெய்வதுதான் வழி.

கதையில் நடக்கும் தவறுகளில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது கவுண்ட்டவுன். எந்திரத்தில் பத்து நிமிடம் ஓடத் தொடங்குகிறது. அந்தப் பத்து நிமிடச் சண்டை நாற்பது பக்கம். வாரத்துக்கு ஒரு பக்கம் வெளியிட்டால், வாசகருக்கு அது ஒன்பது மாதம்! மூன்றாவது மாதத்திலேயே பதற்றம் செத்துவிடும். கடிகாரம் வேண்டுமென்றால் அந்தப் பகுதி முழுவதையும் முடித்து வைத்துக்கொண்டு தினமும் வெளியிடுங்கள். இல்லாவிட்டால் கடிகாரத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைக் காட்டுங்கள்: இந்த வாரம் துறைமுகம் உறைந்தது, அடுத்த வாரம் ஆறு.

வில்லனுக்கு இந்த எந்திரம் எதற்கு என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மிரட்டுவதற்காகக் கட்டியிருந்தால் ஊருக்கே சொல்ல வேண்டும். அழிப்பதற்காக என்றால் வாயே திறக்கக் கூடாது. மிரட்டுவதற்காகக் கட்டிவிட்டு ரகசியமாக வைத்திருந்த முட்டாள்தனத்தை, ஸ்டான்லி குப்ரிக் 1964-இல் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்தில் மறக்க முடியாத நகைச்சுவையாக்கினார். நம் வெப்காமிக் வில்லன்களோ நேர் எதிர்: அழிக்கத்தான் போகிறார்கள், ஆனால் ஹீரோவைக் கட்டிவைத்து நாலு பக்கம் பிரசங்கம் செய்கிறார்கள். இதில் இன்னொரு ஆபத்து, வருஷத்துக்கு ஒருமுறை உலகம் அழியப் போவது. புலி வருது கதைதான். நீண்ட தொடரில் இரண்டு அழிவுகளுக்கு நடுவே ஹீரோவின் வாடகைப் பாக்கியும் ஒரு பிரச்சினையாக இருக்கட்டும்.

படம் கச்சிதமாகும்வரை தொடங்காமல் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: ‘ஒன்-பஞ்ச் மேன்’ என்ற ஜப்பானிய சூப்பர்ஹீரோ தொடர் 2009-இல் மிகச் சாதாரணக் கோட்டோவியங்களோடு வெப்காமிக்காகத்தான் தொடங்கியது. ஓவியர் யூசுகே முராட்டா அதைப் பிரமாதமாக மறுபடி வரையத் தொடங்கியது 2012-இல். சரி, தொடங்கியாயிற்று என்றால் கையிருப்பில் சில பக்கங்கள் எப்போதும் இருக்க வேண்டும்; எந்திரம் வரும் பக்கங்களுக்கு வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும், அங்கேதான் அட்டவணை உடையும். மூலக் கோப்புகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மாக் ஜீவ்ஸ் என்ற காமிக்ஸ் தளம் 2020 கடைசியில் மூடப்பட்டது. தளத்தை மட்டும் நம்பியிருந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

தமிழில் வெளியிடுகிறவர்களுக்கு லெட்டரிங், அதாவது வசனங்களை எழுத்தாகப் பொருத்துவது, தனித் தலைவலி. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வசன பலூனில் நம் வார்த்தைகள் அடங்காது, எந்திரத்தின் முக்கியமான பாகத்தைப் பலூன் மறைத்துவிடும். வசனத்தை முதலில் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் வரையுங்கள். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் கொம்பு எழுத்துகள் பிய்ந்து வந்தால், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியை இயக்க வேண்டும். "டமால்" போன்ற சத்தங்களுக்கு ஃபாண்ட் தேடாமல் கையால் எழுதுவதே அழகு.

கடைசியாக, எந்திரம் உடைந்த பிறகு. பெரும்பாலான தொடர்களில் அடுத்த எபிசோடிலேயே நகரம் பளிச்சென்று இருக்கும், இரும்புக் குவியல் எங்கே போனது என்றே தெரியாது. அவ்வளவு பெரிய சடலம் துறைமுகத்தில் கிடந்தால் அதை வெட்டி விற்கிறவர்கள் வருவார்கள், ஒரு பாகத்தைத் திருட அடுத்த வில்லன் வருவான். உடைந்த நிலைக்கும் ஒரு மாதிரித் தாள் போட்டுப் பின்னணியில் வைத்துக்கொள்ளலாம். அத்தனை முறை வரைய நேரமில்லை என்றால், நாலு கிரேன்கள் அதை அள்ளிக்கொண்டு போவதை ஒரே ஒரு பேனலில் காட்டினாலும் போதும்.